ஒரு கார்டுக்கு ஒரு குடல்வால்

"உங்கட வைஃபுக்குக் குடல்வால் இல்லையே" என்றாள் கவுண்டரில் இருந்த பெண், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

நிஸாம் திரும்பிப் பார்த்தான். இல்லாத அந்தக் குடல்வாலைப் பிடித்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் சுருண்டு கிடந்தாள் அவன் மனைவி முனவ்வறா. பக்கத்தில் அவளுடைய தங்கை பஸ்மினா.

"நல்லாப் பாருங்க தங்கச்சி. டொக்டரே குடல்வால் எண்டுதானே செல்றாரு."

"போன வருஷம் இஞ்சதான் வெட்டியெடுத்த. இன்சூரன்ஸும் கட்டியிருக்கு. ரெண்டாம் தரம் கட்டமாட்டாங்க."

நிஸாம் கையிலிருந்த இன்சூரன்ஸ் கார்டைப் பார்த்தான். அவனுடைய கம்பனி கொடுத்த கார்டு மனைவிக்கு மட்டும்தான், மச்சினிக்கு இல்லை. ஆனால் அக்காவும் தங்கையும் ஒரே முகவெட்டு. போன வருஷம் முனவ்வறா என்ற பெயரில் இங்கே படுத்து எழும்பியவள் பஸ்மினா.

"சில பேருக்குத் திரும்ப முளைக்குமாமே?"

"அது பல்லு."

"அப்ப நீங்க அண்டைக்குப் பாதியத்தான் எடுத்திருப்பீங்க."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஆஸ்பத்திரியைக் குறை சொன்னதும் மெனேஜரே இறங்கி வந்துவிட்டார். பழைய தழும்பைப் பார்க்கவேண்டும் என்றார். முனவ்வறாவின் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. பஸ்மினா சட்டென்று தன் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். "கொஞ்சம் பொறுங்க சேர், யோசிச்சுச் செல்றன்" என்று இழுத்தான் நிஸாம். அப்படி இழுத்ததிலேயே நேரம் போனது.

"இஞ்சாருங்க... ஏலாது" என்று முனகினாள் முனவ்வறா.

யா அல்லாஹ்! அந்தக் குரலோடு வேலை, கார்டு எல்லாம் அவனுக்கு மறந்துபோனது. அவளை அள்ளித் தூக்கி ஆட்டோவில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே கார்டு கேட்க ஆளில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

டொக்டர் வெளியே வந்தார். "உசிருக்குப் பயமில்ல. ஆனா வெடிச்சிட்டு. முந்தியே இஞ்ச கொண்டுவந்திருக்கலாமே?"

நிஸாம் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான். கூடவே வந்திருந்த பஸ்மினாவை நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லாம் என்ட பிழை மச்சி. அந்தப் பொய்யால இவளைக் கொல்லப் பாத்தன். ஆனா என்ன செய்யிற? அண்டைக்குக் கார்டு குடுக்காட்டி நீ மவுத்தாகியிருப்பாயே."

பஸ்மினா நிலத்தைப் பார்த்தாள்.

"இல்ல மச்சான். எனக்கு வெறும் வாய்வு எண்டுதான் டொக்டர் சென்னவரு. 'கார்டுதான் கிடக்கே, வெட்டுங்க' எண்டு ஒத்தைக் காலில நிண்டது நீங்கதான்."