ஒரு விரல் சாய்வு

கதவு மூடவில்லை.

வீட்டுக்காரர் கையால் தள்ளிப் பார்த்தார், தோளால் முட்டிப் பார்த்தார். மேலே இடித்துக்கொண்டு, கீழே பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அது நின்ற இடத்திலேயே நின்றது.

ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும் பழைய வீடுகளில் அவருடையதும் ஒன்று. மனைவியின் தையல் மெஷினுக்காகப் பின்பக்கம் ஓர் அறை கட்டி, பழைய பின்கதவையே கழற்றி அதற்கு மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை நகராட்சி அதிகாரி வருகிறார். புது அறை பழைய வீட்டோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரிந்தால் இடித்துத் தள்ளிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

"கொஞ்சம் இழைச்சு விட்டுடுங்க" என்றார் தச்சரிடம்.

"நூறு வருஷத்துக் கதவுல நான் கை வைக்கவா? வேற ஆளைப் பாருங்க. கோணல் கதவுல இல்ல, நிலையில."

கொத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். "நான் வச்ச நிலை இம்மி பிசகாது. உங்க வீடுதான் சார் சாஞ்சு நிக்குது. கதவும் அதோட சேர்ந்து கோணிப்போச்சு."

உண்மைதான். வீடு முழுக்க ஒரு விரல் சாய்ந்திருந்தது. பத்து வருடம் குடியிருந்தவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்போ நிலையையும் சாய்ச்சு வைங்க."

"இத்தனை வருஷத்துல கோணலா வைக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கொத்தனார் சாய்த்தார்.

கதவு மூடியது. ஆனால் பக்கத்தில் நேராக இருந்த ஜன்னல், குடித்துவிட்டுத் தள்ளாடுவது போல் தெரிந்தது. ஜன்னலைச் சாய்த்தார்கள். சுவர் உறுத்தியது. பாதிச் சுவரைப் பிரித்தார்கள். தரை காலை வாரியது. தரையையும் பெயர்த்தார்கள்.

"நான் ரூம்தான் கேட்டேன், கப்பல் கேக்கல" என்றாள் மனைவி, நடையில் போட்டிருந்த மெஷினை மிதித்தபடி.

இதற்குள் கொத்தனாருக்கே வெறி பிடித்துவிட்டது. பின்சுவரை இடித்தபோது எடுத்து வைத்த பழைய செங்கற்களைச் சுரண்டிக் கழுவி, ஒவ்வொரு வரிசைக்கும் சாய்வை அளந்து அளந்து வைத்தார். "கோணலை ஒழுங்கா கட்டுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா சார்!" தச்சரும் யாரும் கேட்காமலே பழைய கீல்களைத் துருநீக்கி மாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, ஒற்றை விரலால் தொட்டதும் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மூன்று ஆண்களும் மாறி மாறித் திறந்து மூடி விளையாடினார்கள். வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிகூட ஒருமுறை மூடிப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள்.

அதிகாரி வந்தார். வாசலிலிருந்து பின்சுவர் வரை தட்டினார், தடவினார், குனிந்து பார்த்தார். தையல் அறையில் மட்டும் கால்மணி நேரம் நின்றார்.

கடைசியில் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பழசை இவ்வளவு பத்திரமா வச்சிருக்கிற வீட்டை நான் பார்த்ததே இல்ல சார். சரி, அந்தப் புது ரூமை எப்போ கட்டப் போறீங்க?"