மிளகாய்ச் செடிக்குப் பார்த்த வைத்தியம்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இப்போதே கொட்டட்டும். பால்கனி மிளகாய்ச் செடியில் பூச்சிகள் சாறு உறிஞ்சிய சத்தத்தில் எனக்குப் பகல் தூக்கமே போயிற்று.

செடியை மேல்வீட்டு டீச்சரம்மாவிடமிருந்து வாங்கி வந்தவள் என் மனைவி. கூடவே ஒரு நிபந்தனையும் வாங்கி வந்திருந்தாள்.

"செடி பிழைச்சா பால்கனி உங்களுக்கு. நாற்காலியைப் போட்டு நாள் முழுக்க தெருவைப் பாருங்க. செத்துதுன்னா அங்க வாஷிங் மெஷின் வரும்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே ராஜ்யம் அது. விடுவேனா?

"கடை மருந்து ஒரு சொட்டு படாது! வீட்டு வைத்தியத்துலயே விரட்டிக் காட்டறேன் பார்!"

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். இலைக்கு அடியில் பச்சைப் பூச்சிகள், குடும்பம் குடும்பமாக. எறும்புகள் மீசையால் அவற்றின் முதுகைத் தடவுகின்றன. பூச்சி ஒரு சொட்டு இனிப்பு நீர் விடுகிறது. எறும்பு குடிக்கிறது. ஒரு எறும்பு என்னை நிமிர்ந்து பார்த்து, 'உனக்கும் வேணுமா?' என்று கேட்டது. சத்தியமாக!

"ஓடி வாயேன்! எறும்பு பால் கறக்குது!"

"வேலை செய்யுதா? அப்போ ஆம்பளை எறும்பா இருக்காது."

பூச்சிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். வேலைக்கார எறும்பெல்லாம் பெண்தானாம். இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"பூண்டை அரைச்சுத் தெளிக்கப் போறேன்" என்றேன்.

"தோலோடவா? தெளிப்பான் அடைச்சுக்காதா?"

நியாயம். உரித்தேன். நகக்கண்ணெல்லாம் எரிய எரிய உரித்தேன்.

"நேத்து அரைச்சதுக்கு இன்னிக்குக் காட்டம் இருக்குமாங்க?"

அதுவும் நியாயம். தினமும் உரித்தேன். மிஞ்சியதை அவள் டப்பாவில் போட்டு மூடினாள். ஆராய்ச்சிக்கு உதவுமாம்.

பாதிப் பூச்சி ஒழிந்தது. மீதிக்குச் சோப்புத் தண்ணீர் என்று முடிவு செய்தேன்.

"பாத்திரம் கழுவற தண்ணியும் சோப்புத் தண்ணிதானே? ச்சே, நான் ஒருத்தி, புத்தியில்லாம கேக்கறேன்."

"இரு இரு! அதையும் பார்த்துடுவோமே!"

கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் எனக்கு இருப்பு கொள்ளாது. முதல்முறையாகப் பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நின்றேன். பாத்திரம் பளபளத்தது. தண்ணீரை வடிகட்டித் தெளித்தேன். பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"ஒரு தடவை செஞ்சா அது ஆராய்ச்சியா? காலைத் தண்ணிக்கு வீரியமா, சாயங்காலத் தண்ணிக்கா?"

ஒப்பிட வேண்டாமா? இருவேளையும் கழுவினேன். அவள் எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள். "நீங்க ஒரு விஞ்ஞானிங்க!" அன்றைக்கு நான் ஓர் அடி வளர்ந்தேன். வாசல் நிலையில் தலை இடித்தது.

செடி தளிர்த்தது. பூவும் வைத்தது. ஜெயித்த ராஜா மாதிரி பால்கனியில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தேன். அழைப்பு மணி அடித்தது. டீச்சரம்மா.

"அக்கா, செடி வேலையை முடிச்சிடுச்சா?"

"ஆச்சும்மா. பூண்டு உரிக்கறது, பாத்திரம் கழுவறது, ரெண்டும் பழகிட்டாரு. உங்க வீட்டுல?"

"அடுப்பு துடைக்கறாரு. செடிக்குச் சாம்பல் வேணும்னு ஆரம்பிச்சு அங்க வந்து நின்னாரு. அடுத்து கீழ்வீட்டு டெய்லர். அவர் சம்சாரம் நேத்தே கேட்டுட்டாங்க."

"ஐயோ, இதுல பூச்சியே தீர்ந்துபோச்சே?"

"கவலைப்படாதீங்கக்கா. என் ரோஜாவுல வளர்த்து வெச்சிருக்கேன். நாலை எடுத்து விட்டாப் போதும்."

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"அடிப்பாவிகளா! அப்போ என் ஆராய்ச்சி?"

என் மனைவி அசரவே இல்லை. "கத்தாதீங்க. சொன்ன வாக்கு வாக்குதான், பால்கனி உங்களுக்கே. கொஞ்ச நேரம் உட்காருங்க, பாத்திரம் ஊறட்டும்."

கீழ்வீட்டு டெய்லர் நல்ல மனுஷன். நேற்று அந்தச் செடியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அவரிடம் யாரும் மூச்சு விடாதீர்கள். தெருவில் நான் ஒருவன் மட்டும் கழுவினால் நன்றாகவா இருக்கும்? மீறி யாராவது உளறினாலும், சொன்னது நானென்று மட்டும் வேண்டாம். வீட்டில் இன்னும் ஜன்னல்கள் துடைக்காமல் கிடக்கின்றன.