கர்ஷூன் என்ற ஊர் எங்கள் வரைபடத்தில் இல்லை

விளக்கம் கொடுப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்ன நடந்தது என்று கேட்டால் நடந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார். குழாய் உடைந்து கூடம் முழுக்கத் தண்ணீர் நின்றால், அது கசிவு இல்லை, ஈரப்பதம் என்பார். காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டு மதிலை இடித்துவிட்டு, மதில்தான் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது என்பார். கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்விட்டு, கல்யாணத்தை அவசரப்பட்டு நடத்திவிட்டார்கள் என்று வருத்தப்படுவார். இந்த இனத்தில் பெரும்பாலானவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதல் இல்லை. வீட்டோடு நின்றுவிடுவார்கள். எப்போதாவது ஒருவருக்குத்தான் சொந்தமாக ஓர் அரசாங்கம் கிடைக்கிறது.

பினாங்கு குகதாசனுக்குக் கிடைத்தது.

குகதாசன் ரப்பர் கையுறை ஏற்றுமதி செய்பவர். தல்மோரியா என்ற மலைநாடு அவரிடம் கையுறை வாங்கியது. அந்த நாட்டைத் தேடி அலையாதீர்கள், சிறிய நாடு, ராணுவம் மட்டும்தான் பெரியது. இங்கே தூதரகம் திறக்க அதற்கு வசதியில்லை. ஆகவே கையுறை விற்றவரையே கௌரவத் தூதராக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. பித்தளைப் பலகை உண்டு, காருக்கு ஒரு குட்டிக் கொடி உண்டு. பீச் ஸ்ட்ரீட்டில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்த அவருடைய அலுவலகத்தில், நாற்காலிக்குப் பின்னால் பெரிய புகைப்படம் ஒன்று தொங்கியது: கர்ஷூன் என்ற மலைக்கிராமத்தில், ஊர்ப்பெயர் எழுதிய வளைவின் கீழே, தலையில் ஆட்டுரோமத் தொப்பியோடு, ஊர்ஜனங்கள் சூழ, பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் வெட்டும் குகதாசன். அங்கே ஆட்டுக்கறி விருந்து சாப்பிட்டு வயிறு கெட்டதையும், கிராமத்துப் பெண்மணி ஒருத்தி கஷாயம் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்ததையும் மாடி ஏறி வந்த ஒருவரும் கேட்காமல் திரும்பியதில்லை.

இந்த நிலையில்தான் தல்மோரிய ராணுவம் வடக்கு மலைகளுக்குள் போனது. எல்லைக்கு அப்பாலிருந்து புகையைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், உலக நாடுகள் கேள்வி கேட்டன. தலைநகரிலிருந்து குகதாசனுக்கு அறிக்கை வந்தது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்க வேண்டும்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுள் முழுக்க அவர் கொடுத்த விளக்கங்களைக் கேட்டவள் மனைவி புஷ்பராணி ஒருத்திதான். அவளும் எதையும் நம்பியதில்லை. இப்போது அச்சில் வரப்போகிறது. மேசைக்கு விரிப்பு வாங்கினார். புஷ்பராணியை வடை சுடச் சொன்னார். பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் தகவல் போனது. வந்தது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் நிருபர் ஹரீஷ் மட்டும்.

முதல் அறிக்கையை குகதாசன் நின்றுகொண்டே வாசித்தார். வடக்கு மலைகளில் எந்த ராணுவ நடவடிக்கையும் நடைபெறவில்லை. வடை ஆறுவதற்குள் இரண்டாவது வந்தது. நடைபெறாத அந்த நடவடிக்கை முழு வெற்றி. அதை அவர் மடித்து வைப்பதற்குள் மூன்றாவது. நடவடிக்கை மிகத் துல்லியமானது. உயிரிழந்தவை மூன்று ஆடுகள். அவற்றுக்கு ஆயுதக் குழுக்களோடு தொடர்பு இருந்தது.

ஹரீஷ் எழுதுவதை நிறுத்தினான்.

"அண்ணே, ஆடுங்க எந்தக் குழுன்னு போடட்டும்?"

"விசாரணை நடக்குது தம்பி. இப்ப அதப் பத்திப் பேசுனா விசாரணையப் பாதிக்கும்லா."

இந்தப் பதிலைத் தலைநகர் அவருக்கு எழுதிக்கொடுக்கவில்லை. சொந்தச் சரக்கு. மறுநாள் அது கொட்டை எழுத்தில் வந்தபோது பத்திரிகையை வாங்கி வாங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இரண்டு வாரம் அவர் நடையே வேறாக இருந்தது.

பிறகு சுலைஹா வந்தாள். தல்மோரியாக்காரி; பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடுமுறை நாளில் பஸ் பிடித்து வந்து, படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, தூதர் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இங்கே வந்து கற்றுக்கொண்ட மலாயில்தான் பேசினாள். தன் ஊர் கர்ஷூன். புகை வந்த நாளிலிருந்து அம்மா போனை எடுக்கவில்லை. யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அம்மா இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும்.

குகதாசன் கல்நெஞ்சக்காரர் இல்லை. உடனே தலைநகருக்கு எழுதினார். பதில் உடனே வந்தது, தல்மோரிய வெளியுறவு அமைச்சு எதற்கும் அவ்வளவு வேகமாகப் பதில் போட்டதில்லை. கர்ஷூன் என்ற ஊர் எங்கள் வரைபடத்தில் இல்லை. இல்லாத ஊரில் யாரும் இறக்க முடியாது. இந்த மகிழ்ச்சியான செய்தியை மகளுக்குத் தெரிவிக்கவும்.

தெரிவித்தார். தனக்குத் தெரிந்த மலாயில் மிக மரியாதையான வார்த்தைகளாகப் பொறுக்கித் தெரிவித்தார். சுலைஹா கையை உயர்த்தி அவர் தலைக்குப் பின்னால் காட்டினாள்.

திரும்பிப் பார்த்தார். வளைவு. ஊர்ப்பெயர். ரிப்பன். தொப்பி.

சாதாரண மனிதனாக இருந்தால் வாயடைத்துப் போயிருப்பான். இவர் நம்ம இனம் அல்லவா? அது விழாவுக்காகத் தற்காலிகமாக ஏற்பாடு செய்யப்பட்ட ஊர் என்றார். விழா முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றார். பந்தல் மாதிரி என்று உவமை வேறு. சுலைஹா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்து போய், படத்தில் அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணியின் முகத்தில் விரலை வைத்தாள். இதுதான் அம்மா என்றாள். வெளிநாட்டு ஐயா ஒருவருக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்ததாக அம்மா அப்போது போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

தேநீரோடு வந்த புஷ்பராணி தட்டை மேசையில் வைத்தாள்.

"அன்னிக்கு வயித்தப் புடிச்சிகிட்டு எனக்குப் போன் போட்டு அழுதீங்க. ஊரே இல்லன்னா கஷாயம் குடுத்தது யாரு?"

குகதாசன் வாயைத் திறந்தார். விளக்கம் வரவில்லை. கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்து பார்த்தார், அப்போதும் வரவில்லை. கடைசியில் சுலைஹாவிடம், தெரியவில்லையம்மா என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் புதுப் பல்செட் மாதிரி உறுத்தியது.

அன்றே அமைச்சுக்கு எழுதினார்: அந்த ஊருக்கு நானே வந்திருக்கிறேன். பதில் வந்தது: நீங்கள் வரவில்லை, உங்கள் வருகைக்கு மீண்டும் நன்றி.

அதற்கு மேல் தலைநகரைக் கேட்டுப் பயனில்லை என்று புரிந்தது. எல்லைக்கு அப்பால் அகதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிவாரண அமைப்புக்கு, கௌரவத் தூதர் என்று அச்சடித்த தாளில், தாயின் பெயரையும் ஊர்ப்பெயரையும் எழுதி, படத்தின் பிரதியையும் வைத்து, இவர் உங்களிடம் இருக்கிறாரா என்று கேட்டு அனுப்பினார். பித்தளைப் பலகை மாட்டிய நாளிலிருந்து, தலைநகரைத் தவிர வேறு யாருக்கும் அங்கிருந்து போன முதல் கேள்வி அதுதான். பதில் வரும்வரை சுலைஹா போன் செய்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் தெரியவில்லை என்றே சொன்னார். சொல்லிச் சொல்லி அது கொஞ்சம் பழகியும் போனது.

பதில் வந்த அன்று போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கொடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு பாயான் பாருவுக்குப் போனார். தொழிற்சாலைக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் சுலைஹா தட்டோடு நின்றாள். அம்மா முகாமில் இருக்கிறாள், கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஊர் எரிந்துவிட்டது, ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தே எல்லையைத் தாண்டியிருக்கிறாள் என்றார். சுலைஹா தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். தட்டிலிருந்த நாசி கோரெங் சோறு ஆறும்வரை தூதர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உலக நாடுகள் விடவில்லை. தல்மோரியா சுதந்திரமான விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் சர்வதேச உறுப்பினர் யார் தெரியுமா? குகதாசன். முடிவுகளும் கூடவே வந்திருந்தன; கையெழுத்து மட்டும் போட்டால் போதும். விமான டிக்கெட், ஐந்து நட்சத்திர ஓட்டல், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்.

ஆசைப்படவில்லை என்று சொன்னால் பொய். ஒரு காலை முழுக்கப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, அந்த அமைச்சுக்குப் புரிகிற ஒரே மொழியில் பதில் எழுதினார்:

"குகதாசன் என்ற பெயரில் இந்த முகவரியில் யாரும் இல்லை. இல்லாதவர் கையெழுத்துப் போட முடியாது. இந்த மகிழ்ச்சியான செய்தியை அமைச்சருக்குத் தெரிவிக்கவும்."

பித்தளைப் பலகை போனது. கொடி போனது. சிம்பாங் அம்பாட்டில் ஏர்கண்டிஷன் விற்கும் ஒருவர் புதுத் தூதரானார். விசாரணை அறிக்கை மட்டும் குறித்த நாளில் வெளிவந்தது, கடைசிப் பக்கத்தில் குகதாசனின் கையெழுத்தோடு. அவர் போடுவதைவிட அழகாகவே போட்டிருந்தார்கள்.

நான் போடவில்லை என்று கோப்பிக் கடையில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார். எல்லோரும் தலையாட்டிவிட்டு, விளக்கம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஹரீஷிடம் போனார். அவன் ஆடுகளைப் பற்றிக் கேட்டான். நம்பியது இரண்டே பேர்: சுலைஹா ஒருத்தி, ஆச்சரியம், புஷ்பராணி இன்னொருத்தி.

குகதாசன் கதை இவ்வளவுதான். ஆனால் இந்த இனத்தை அடையாளம் காணப் பித்தளைப் பலகையைத் தேடாதீர்கள். கார்க் கதவில் கீறல் எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டபோது ஒருவர் என்ன சொன்னார், அம்மாவுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று அக்கா கேட்டபோது எத்தனை அறிக்கை வெளியிட்டார், குடும்ப விஷயத்தில் வெளியார் தலையிட வேண்டாம் என்று எந்தக் கட்டத்தில் சொன்னார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சேச்சே, நான் அப்படியெல்லாம் கிடையாது என்கிறீர்களா?

நல்லது. முதல் அறிக்கை வந்துவிட்டது.