ஆயிரத்து ஒன்றாவது சொல்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வீட்டம்மா நலம், அவள் வளர்க்கும் தொட்டிச் செடிகள் நலம், என்னைத் தவிர இந்த வீட்டில் எல்லாமே நலம். அங்கே தாங்களும் என் தங்கையும் நலம் என்றுதான் வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால், ஒரு வருஷமாக நான் அனுப்பும் ஒரு செய்திக்குக்கூடத் தாங்கள் பதில் போடவில்லை. உடம்பு முடியாதவர்கள்தான் உடனுக்குடன் பதில் போடுவார்கள் என்பது என் அனுபவம். இரண்டு நீல டிக் விழுகிறது, அதோடு சரி. அதனால்தான் பழையபடி காகிதத்துக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் என் தங்கையின் கண்ணில் படவே கூடாது. தாங்கள் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அவளுக்கு என் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. இந்த உலகத்தில் எனக்கு மிச்சம் இருக்கும் மரியாதை அது ஒன்றுதான். காரணம் போகப் போகத் தெரியும்.

நான் ஓய்வு பெற்று, வீட்டில் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தபோது, "சும்மாதானே இருக்கீங்க, எங்க குழுவுல சேர்ந்து எழுதுங்களேன்" என்று என்னை அந்த இணைய எழுத்துக் குழுவில் சேர்த்துவிட்டது தாங்கள்தான். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட்டுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதியவன் நான். கதை எழுத எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் மாதாந்திரச் சிறுகதைப் போட்டிக்கு ஒன்று எழுதினேன். அந்த மாதம் போட்டியை நடத்தியதும் தாங்கள்தான். பெயரை எடுத்துவிட்டு வெறும் எண் போட்டுத்தான் கதைகள் நடத்துபவருக்கு வரும் என்பதால், ஏழாம் எண் கதை என்னுடையது என்று தங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முடிவு வந்தது. "முதல் பரிசு ஏழாம் எண். நெஞ்சு கனத்துப் போச்சு" என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரியையும் அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். சட்டை எடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபோதும் அலமாரியைத் திறந்தேன்.

பரிசு என்ன என்று மறுநாள்தான் தெரிந்தது. ஜெயித்தவர் அடுத்த மாதப் போட்டியை நடத்த வேண்டும். நடத்துபவர் கதை எழுதக் கூடாது. அடுத்து ஜெயிப்பவர் பொறுப்பை ஏற்க மறுத்தாலோ, யாருமே ஜெயிக்காவிட்டாலோ, பழைய ஆளே தொடர வேண்டும். இந்த மூன்று விதிகளையும் எந்தப் புண்ணியவான் சேர்த்து வைத்தானோ தெரியாது. பதினொரு மாதமாக நான் தொடர்கிறேன், மாப்பிள்ளை. பதினொரு மாதம்! முதல் மாதம் ஜெயித்தவருக்கு மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் மாதம் ஜெயித்தவர் வாழ்த்துச் செய்தி போன பத்து நிமிஷத்தில் குழுவை விட்டே வெளியேறினார். மூன்றாம் மாதத்துக்காரர், அந்தக் கதையைத் தான் எழுதவே இல்லை, தன் கணக்கில் யாரோ புகுந்து எழுதிவிட்டார்கள் என்று சத்தியம் செய்தார். நானும் அப்பாவியாக அவருக்கு ஆறுதல் சொல்லி, கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன்.

முதல் மூன்று மாதமும் நான் சொற்களை எண்ணவில்லை. அதற்குப் பிறகு வந்த கதைகளை எண்ணியபோது ஒரு வினோதம் கண்டேன். போட்டிக்கு அளவு ஆயிரம் சொல். எனக்கு வருவது எல்லாம் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து மூன்று, ஆயிரத்துப் பத்து. அளவு மீறினால் பரிசு கிடையாது, ஆனால் கதை தளத்தில் வரும், எல்லோரும் பாராட்டலாம். அடடா, பாவம், இப்படி நூலிழையில் தவற விடுகிறார்களே என்று நான் உருகிப்போனேன். ஒரு மாதம் மனசு கேட்காமல், நல்ல கதை ஒன்றில் ஒரே ஒரு சொல்லை நானே எடுத்துவிட்டு, அளவுக்குள் கொண்டுவந்து, முதல் பரிசும் அறிவித்தேன். "மெல்ல மெல்ல நடந்தாள்" என்று இருந்தது. ஒரு மெல்லவை எடுத்தேன், அவ்வளவுதான். எழுதியவர் ஒரு தையல்காரம்மா. அரை மணி நேரத்தில் போனில் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு சார் எடுத்தீங்க?"

"அம்மா, ஒரு வார்த்தைதானே..."

"அவ மெல்ல மெல்லத்தான் சார் நடப்பா. பத்து வருஷம் படுத்த படுக்கையா கெடந்து எழுந்தவ. ஒரு மெல்லவை எடுத்துட்டா அவ கடைக்குப் போற மாதிரி நடக்கறா. என் கதையே இல்லை இது. பரிசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மெல்லவைத் திரும்ப வைத்தேன். நான் தொடர்ந்தேன்.

இதற்கிடையில் தங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழுவில் தங்களுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் இருப்பது தங்களுக்கே தெரியும். ஒரு கதையில் மேசைக்கு மூன்று கால் என்று வந்தாலும் பிடித்துவிடுவீர்கள் என்று புதியவர்கள் நடுங்குவார்கள். அப்படிப்பட்டவர் இந்த ஒரு வருஷமாகக் கதைகளுக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள்? "பாவம் அந்தப் பொண்ணு, மழையில நனைஞ்சா சளி பிடிக்குமே." "இவன் அப்பாவுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்." இதெல்லாம் ஒரு விமரிசனமா, மாப்பிள்ளை? ஆளே மாறிவிட்டீர்களே என்று குழுவே பேசிக்கொள்கிறது. எழுதுபவர்களுக்கு இந்தக் கருத்துகள் பிடித்திருக்கின்றன என்பது வேறு விஷயம்.

இப்போது பல் விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல் வலி தாங்காமல் பல் மருத்துவரிடம் போனேன். அவர் நம் குழுவில்தான் எழுதுகிறார் என்பதால், வலியோடு வலியாக என் முதல் பரிசைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று ஓர் ஆசை. சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, வாயில் பஞ்சை அடைத்து, உறிஞ்சு குழாயை மாட்டி, இரண்டு கையையும் உள்ளே விட்ட பிறகுதான் அவர் பேச்சையே ஆரம்பித்தார்.

"பதினோரு மாசமா நீங்களே நடத்தறீங்களே சார், சலிக்கலையா? இன்னும் பெருசாத் திறங்க. எங்களுக்கெல்லாம் எழுதணும்ங்கற ஆசை மட்டும்தான். ஜெயிச்சுட்டு யாரு மாரடிக்கறது? அதான் ஒவ்வொரு மாசமும் எண்ணிப் பார்த்து அஞ்சு வார்த்தை கூடுதலாப் போட்டுடுவேன். எல்லாரும் அப்படித்தான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

நான் "ஆ" என்றேன். அதற்கு மேல் அந்த வாயால் ஒன்றும் சொல்ல முடியாது.

"நீங்க ஜெயிச்ச மாசத்துல பதினாலு கதை வந்துச்சு. பதிமூணு பேரு அளவைத் தாண்டியாச்சு. நீங்க ஒருத்தர்தான் உள்ள இருந்தீங்க. பூதக்கண்ணாடி வேற யாருக்குத்தான் குடுப்பார்? நாங்ககூடச் சிரிச்சோம், யாரோ புது ஆள் மாட்டிக்கிட்டான்னு. வலிக்குதா சார்? கண்ணுல தண்ணி வருதே."

பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவில் இருந்த தாளைக் கிழித்தேன். முழுசாகக் கூட வரவில்லை. "நெஞ்சு" மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு கதைக்குப் போய் இந்த மனுஷன் ஏன் இப்படித் தாம்தூம் என்று குதிக்கிறான் என்று நினைப்பீர்கள். சொல்லிவிடுகிறேன். என் கதையில் வரும் ஆள், பொருட்காட்சி ராட்டினத்தைச் சோதிப்பவன். ஒரு நாள் மேலே ஏறிப் பார்க்காமலே எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ராட்டினத்தடியில் வந்து நின்று, மேலே போகிறவர்களையும் கீழே இறங்குகிறவர்களையும் எண்ணுகிறான். அது கற்பனை இல்லை, மாப்பிள்ளை. ராட்டினம் மட்டும்தான் கற்பனை. ஒன்பது மாடிக் கட்டடம், அன்றைக்கு அது ஏழாவது கட்டடம், முழங்கால் வலி வேறு. மொட்டை மாடி எந்திர அறைச் சாவியை வைத்திருந்த காவலாளி சாப்பிடப் போயிருந்தான். நான் காத்திருக்கவில்லை. கீழேயே நின்றுகொண்டு, "லிஃப்ட் வடம் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே போய்ப் பார்த்திருக்கலாம்தான். போனால், நேற்றுப் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமே! அதனால் பார்க்கப் போகாமல், நிற்கப் போனேன். ஒரு வருஷம், ஆபீஸ் முடிந்ததும் அந்தக் கட்டட வாசலில் நின்று, ஏறியவர்கள் எத்தனை, இறங்கியவர்கள் எத்தனை என்று எண்ணினேன். ஐந்தாம் மாடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் ஏறிவிட்டால் மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்கிறவரை எனக்கு மூச்சு வராது. நான் அவளுக்காகத்தான் வந்து நிற்கிறேன் என்று காவலாளி முடிவு கட்டி, "வேணாம் சார், புருஷன் முரடன்" என்று ஒரு நாள் புத்தி சொன்னான். அடுத்த வருஷச் சோதனைக்கு நானே போய் மேலே ஏறிப் பார்த்தேன். வடத்தில் இழை இழையாக அறுந்து கிடந்தது. அந்த நிமிஷமே லிஃப்ட்டை நிறுத்தி, வடத்தை மாற்ற வைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது.

என் பணி நிறைவு விழாவில் என் தங்கை மைக்கைப் பிடுங்கிப் பேசினாளே, ஞாபகம் இருக்கிறதா? "எங்க அண்ணன் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டுல கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பணிவு என்று நினைத்தார்கள். அதனால்தான் அந்தக் கதையை எழுதினேன். பெயர் இல்லாமல் ஒரு தடவையாவது சொல்லிவிடலாம் என்றுதான். யாரோ ஒருவர் அதைப் படித்து நெஞ்சு கனத்தது என்று சொன்னதும், பாதிப் பாரம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. இப்போது கேட்கிறேன், மாப்பிள்ளை, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். உண்மையிலேயே கனத்ததா? இல்லை, சொல்லை எண்ணிப் பார்த்து, மாட்டியவன் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டீர்களா? தாங்களும் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்தான் என்றால், நம் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

எப்படியானாலும் இந்த மாதத்தோடு நான் விலகுகிறேன். போட்டியையே மூடிவிடுங்கள். எனக்கு இனிமேல் யார் கதையும் வேண்டாம். என் கதையும் வேண்டாம்.

தாங்களும் என் தங்கையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று, வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் வாழ்த்துகிறேன். வீட்டம்மா தங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
பல் போன இடத்தில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் என் தங்கையிடமிருந்து போன். "அண்ணே, இந்த மாசக் கதைக்குக் கடைசி நாள் எப்போ? அவர் கேக்கச் சொன்னார்" என்றாள். ஏன், உன் வீட்டுக்காரருக்கு வாய் இல்லையா, கை இல்லையா என்று நான் வெடித்துவிட்டேன். "கண்ணுதான் இல்லை" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தங்களுக்கு எழுத்தே தெரியவில்லையாம். பூதக்கண்ணாடிக்கே இந்தக் கதி என்று நான்கு பேர் சிரிப்பார்கள் என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தீர்களாம். கதை, கடிதம், கரண்ட் பில் எல்லாவற்றையும் அவள்தான் வாசித்துக் காட்டுகிறாளாம். கருத்து எழுதுவதும் அவள்தானாம். என் செய்திகளைத் திறந்துவிட்டு, என்ன பதில் போட்டாலும் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்து மூடிவிடுவாளாம். நான் மெதுவாக, நான் ஜெயித்த மாதத்தில் சொற்களை எண்ணியது யார் என்று கேட்டேன்.

"எண்ணணுமா? அதெல்லாம் எனக்குத் தெரியாதே! பதினாலையும் வாசிச்சேன். அவர் வேற ஒண்ணச் சொன்னார். நான் அந்த ராட்டினக்காரன்தான்னு ஒத்தக் கால்ல நின்னேன். ரெண்டு நாள் எங்களுக்குள்ள பேச்சே இல்லை."

"அது என் கதைன்னு தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தாக் குடுத்தே இருக்க மாட்டேன். நீ ஆடற ஆட்டத்துக்கு!" என்றவள், போனை வைக்கப் போகிறவள் மாதிரி இருந்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, அந்த ஆளு கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லவே இல்லையா? அதை நெனச்சாத்தான் எனக்கு இன்னும் ஆற மாட்டேங்குது."

"சொல்லிட்டான், இன்னைக்குத்தான். லெட்டர் வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே தங்கச்சி, இதை இப்போது சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பது நீதான். உன் கண்ணில் படக் கூடாது என்று எழுதியதையும் நீயேதான் வாசித்திருப்பாய். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று எழுந்தேன், கை வரவில்லை. நான் விலகவில்லை. கடைசி நாள் முப்பது. மாப்பிள்ளையைத் திட்டியதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும். வேலையில் இருந்தவரை நாங்கள் குடியிருக்கும் இந்தக் கட்டடத்து லிஃப்ட்டுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதை மேலே ஏறிப் பார்த்துத்தான் போட்டேன். ஆனாலும், அடுத்த தடவை வரும்போது நீ நாலு மாடியும் படியேறியே வந்தால், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.