நாலாவது மாடிக்கு ஏறிய எலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்பு வரை போனவள். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி நண்டு பிடிக்கப் போய்விடுவேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் அப்படித்தான். அடுப்பில் எதை வைத்தேன் என்பது அது தீய்ந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது, அதுவும் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னால். ஆனால் இந்த ஒரு சங்கதியை மட்டும் நானே மறக்க நினைத்தாலும் வீட்டில் விடமாட்டார்கள்.

விமானத்தில் போகிறவர்கள்தான் விமான நிலையத்துப் பக்கத்து ஓட்டலில் தங்குவார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் விமானத்தில் ஏறினதே இல்லை. கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி மீனம்பாக்கத்துக்குப் போய், அங்கே குளிர் போட்ட ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தவள். இதற்குப் பெயர் பிசினஸ் டிரிப் என்று சுமதி மேடம் சொன்னார்கள்.

சுமதி மேடம் எங்கள் பெண்கள் குழுவைக் கவனித்துக்கொண்ட டிரஸ்ட்டில் வேலை பார்த்தவர். குழு என்றால் கருவாடு போடுகிற பெண்கள். நான்தான் தலைவி. என்னை ஏன் தலைவியாக்கினார்கள் என்றால், குழுவில் எல்லாருக்கும் எல்லாரோடும் சண்டை, என்னோடு மட்டும் யாருக்கும் சண்டை இல்லை. நான் வாயைத் திறந்தால்தானே சண்டை வருவதற்கு. (புது ஆள் யாராவது பெயர் கேட்டால் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெயரை அங்கே எழுதி வைத்தது மாதிரி.)

ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அதுவரை கரைக்கு வருகிற வியாபாரி என்ன விலை சொன்னாரோ அதுதான் விலை. நாங்கள் தலையாட்டுவோம், அவர் தராசை ஆட்டுவார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் ஒரு பாய் நேராக எங்களிடமே கருவாடு எடுக்கத் தயார் என்று மேடம் சேதி கொண்டுவந்தார். பாய் மீனம்பாக்கம் ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மத்தியானம் விமானம் ஏறுகிறார். காலையில் அங்கேயே சாம்பிள் பார்த்து, விலை பேசி, பிடித்தால் வருஷம் முழுக்க எடுப்பார். பிடிக்காவிட்டால் நாங்கள் பழையபடி தலையாட்டலாம்.

"காலையில பஸ் லேட்டாச்சுன்னு அவர்கிட்டப் போய் நிக்க முடியாது. முன்னாடி நாளே போய் அதே ஓட்டல்ல தங்குங்க, டிரஸ்ட் பார்த்துக்கும்" என்றார் மேடம். அத்தோடு சட்டதிட்டங்களும் வந்தன. சத்தமாகப் பேசக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, மேசையில் இருக்கிற எதையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

குழுவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். விலையை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அதை நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "இத்துக்குக் கீழ எறங்கினன்னு வச்சிக்க, அங்கயே பிளேன் ஏறிப் போய்டு, ஊருக்கு வராத" என்று வாழ்த்தி அனுப்பினார்கள்.

துணைக்கு நூர்ஜகான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

ஐப்பசி மழை. கேளம்பாக்கம் வரும்வரை பஸ்ஸின் ஓட்டை ஜன்னல் வழியாக மழை உள்ளே வந்தது. நாங்கள் நனையவில்லை, சாம்பிள் பைதான் நனைந்தது. அதை ஜன்னலோரம் வைத்து அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது யார் என்று கேட்காதீர்கள்.

கருவாட்டு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். கருவாட்டில் ஈரம் பட்டால் உடனே பிரித்துக் காற்றில் போட வேண்டும். வாங்குகிறவர் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்துவார். அமுங்கினால் அவ்வளவுதான், மேற்கொண்டு பேச்சே கிடையாது.

ஓட்டலில் மூன்றாவது மாடியில் அறை. கதவைச் சாத்தியதும் பையைக் கொட்டினோம். வாளை, திருக்கை, நெத்திலி, வஞ்சிரம், எல்லாம் வேர்த்துக் கிடந்தன. ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். அது திறக்கிற ஜன்னலே இல்லை. அவ்வளவு பணம் வாங்குகிறவர்கள் ஒரு கொண்டி வைத்திருக்கக் கூடாதா?

"இன்னா யக்கா இது, காத்தே இல்லாத வூடா கீதே" என்றாள் நூர்ஜகான்.

காற்று இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான். (அந்தப் பெருமையை இதுவரை யாரும் என்னிடமிருந்து பிடுங்க வரவில்லை.) கூரைக்குக் கீழே, குளிர் வருகிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டம். கையை வைத்தால் காற்றை விறுவிறு என்று உள்ளே இழுத்தது. நாற்காலியில் ஏறி, என் தாலிச் செயினிலிருந்த ஊக்குகளை எல்லாம் கழற்றி, திருக்கைத் துண்டுகளை அந்தச் சட்டத்தில் வரிசையாக மாட்டினேன். குளியலறையில் துணி காயப்போட ஒரு கயிறு இருந்தது. அதில் வாளைகளை வரிசையாகத் தொங்கவிட்டேன். நெத்திலியை வெள்ளைத் துண்டில் பரப்பினோம். தலைமுடி காயவைக்கிற மிஷின் ஒன்று சுவரில் இருந்தது. நூர்ஜகான் அதை அமுக்கிப் பார்த்தாள். சூடாகக் காற்று வந்தது.

"யக்கா, சூரியன் கெட்ச்சிட்டான்" என்றாள்.

ஒருத்தி காட்ட, ஒருத்தி புரட்ட, வேலை ஜரூராக நடந்தது. விளக்கு வைக்கிற நேரம் இருக்கும், கதவைத் தட்டினார்கள். கூச்சத்தில் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தேன். கோட்டுப் போட்ட மேனேஜர். பின்னால் டார்ச்சோடு ரெண்டு ஆட்கள்.

"சாரி மேடம், உங்க ரூம்ல ஏதாவது ஸ்மெல் வருதா?"

நான் நின்ற இடத்திலிருந்து நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரு வாசனையும் இல்லை. பிறந்ததிலிருந்து கருவாட்டோடு இருக்கிற மூக்கு. அதற்கு அது காற்று. இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்டுவதுதான் எனக்கு வருமே.

"எங்கயோ எலி செத்துக் கிடக்குது போல. ஃபுல் ஃப்ளோர் கம்ப்ளெயிண்ட் மேடம்."

உள்ளேயிருந்து நூர்ஜகான் குரல் கொடுத்தாள். "எலியா? மோட்டுல பாருங்க சார். எங்க வூட்ல ஓட்டுக்கு அடியில செத்துக்கினு ஒரு வாரம் பேஜாரு பண்ணிச்சி."

தமிழ்நாட்டில் இருக்கிற ஓட்டலில் கருவாட்டு வாசனை தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாமல் என்ன? அந்த டார்ச்சுக்காரர்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நானே பார்த்தேன். ஆனால் அத்தனை கண்ணாடி விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு, கோட்டுப் போட்டவரிடம் 'கருவாடு' என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. செத்த எலி என்றால் கௌரவமாம்.

மேனேஜர் எங்கள்மேல் இரக்கப்பட்டார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, மேலே நாலாவது மாடியில் இதைவிடப் பெரிய அறை கொடுத்து, ஒரு தட்டு பழமும் அனுப்பி வைத்தார். நாங்கள் கருவாட்டை வாரிப் பையில் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினோம். பெட்டி தள்ளுகிற ஆள் கேட்டும் கொடுக்கவில்லை. லிஃப்டில் ஒரு வெள்ளைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர நின்றார். ஊர் விட்டு ஊர் வந்து ஜலதோஷம் பிடித்துவிட்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

புது அறையில் மறுபடி நாற்காலி, மறுபடி ஊக்கு, மறுபடி சூரியன். ஆப்பிளை நறுக்கித் தின்றுகொண்டிருக்கும்போதே வெளியே நடமாட்டம் கேட்டது. இப்போது நாலாவது மாடியிலும் வாசனையாம். கீழே மூன்றாவது மாடியில் எலியைத் தேடிக் கூரைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"எலி மேல ஏறிக்கினு வருது யக்கா" என்றாள் நூர்ஜகான். "எம்மாம் பெரிய ஓட்டலு, ஒரு எலியப் புடிக்க ஆள் இல்ல பாரேன்."

நானும் உச்சுக் கொட்டினேன்.

காலையில் கீழே நாஸ்தா சாப்பிடுகிற இடத்துக்கு வந்தோம். கருவாடு கல் மாதிரி காய்ந்திருந்தது. பாய் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்த, அமைதியான மனிதர். அவரிடமும் மேனேஜர் வந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் தங்கியது மூன்றாவது மாடி.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலையே தம்பி. நல்லாத் தூங்கினேன்" என்றார் பாய்.

மேனேஜர் நிமிர்ந்தார். "ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னது நீங்களும், அந்த ரெண்டு மேடமும்தான் சார்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நான் வெள்ளை மேசை விரிப்பின்மேல் பையைப் பிரித்தேன்.

பக்கத்து மேசையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டோடு எழுந்து போனார். லிஃப்டில் பார்த்த வெள்ளைக்காரர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். அவருக்கு ஜலதோஷம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாய் மட்டும் திருக்கைத் துண்டு ஒன்றை எடுத்து, கட்டை விரலால் அழுத்தி, "என்ன விலை சொல்றீங்கம்மா?" என்றார்.

எனக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மேனேஜருக்கு வந்தது. ஆனாலும் அவர் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், ரூமுக்கு ஒண்ணும் தர வேணாம். டிரஸ்ட்டுக்கு நானே சொல்லிடுறேன். தயவுசெஞ்சு இத எடுத்துக்கினு கெளம்பிடுங்க." கோட்டுக்குள்ளேயிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு அப்போதுதான் எட்டிப் பார்த்தது.

வாசலைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் வந்து நின்றோம். போச்சு, எல்லாம் போச்சு. ஊருக்குப் போய் எந்த முகத்தைக் காட்டுவது என்று பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் பாய் பின்னாலேயே வருகிறார், கையில் அந்தத் திருக்கைத் துண்டோடு.

"நேத்தெல்லாம் மழை. இது எப்படிம்மா இவ்வளவு காஞ்சிது?"

"ஓட்டல்காரங்க புண்ணியம் பாய்" என்றாள் நூர்ஜகான்.

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. பக்கத்தில் லாரி, பஸ், ஆட்டோ. பாய் கேட்பது எனக்குக் கேட்கவில்லை, நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்த இரைச்சலில் யார் நம்மைப் பார்க்கப் போகிறார்கள் என்று கூச்சம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. குழு சொன்ன விலையைக் கத்தினேன். அவர் குறைத்துக் கத்தினார். நான் மறுபடி அதையே கத்தினேன். நின்ற பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யம்மா, ஏர்றியா இல்ல சண்டைய முட்ச்சிட்டு வர்றியா?" என்றார். "முட்ச்சிட்டுத்தான் வருவேன், நீ போ நைனா" என்று அவரிடமும் கத்தினேன்.

அடுத்த பஸ் வருவதற்குள் பாய் ஒத்துக்கொண்டார். அந்த விலைக்கே. அதற்கப்புறம் பல வருஷம் எங்களிடம் எடுத்தார். ஆனால் விலை பேசுவதென்றால் என்னைக் கூப்பிடாமல் நூர்ஜகானைத்தான் கூப்பிடுவார். காது வலிக்கிறது என்றாராம்.

வீட்டில் இந்தக் கதை படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. எங்கேயாவது நாற்றம் வந்தால் எல்லாரும் மோந்து பார்த்துவிட்டு, கடைசியாக என்னிடம் வருவார்கள். "அம்மா, ஒனக்கு வருதா?" வருகிறது என்றால் நிஜமாகவே எலி. வரவில்லை என்றால் யார் வீட்டிலோ கருவாட்டுக் குழம்பு.

இன்னொன்றும் உண்டு. கால் டாக்சி ஓட்டுகிற என் மருமகன் ஒரு தடவை சவாரிக்காரருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஓட்டலின் அறை வரைக்கும் போனாராம். அங்கே கதவுக்குப் பின்னால், புகை பிடிக்காதீர் என்பதற்குக் கீழே, கருவாடு கொண்டுவரக் கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி மாட்டியிருக்கிறதாம். "அஞ்சாவது படிச்சவங்களுக்காக ஒரு ஓட்டலே போர்டு எழுதிக்கீது பாரு" என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் கொஞ்சம் அளப்பவர், முழுசாக நம்பவும் முடியவில்லை.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பக்கம் தங்கப் போனால், போர்டு இருக்கிறதா, மூன்றாவது மாடியில் மட்டும்தானா, நாலாவதிலும் உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் மாடிக் கணக்கைத் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். நானே போய்ப் பார்த்துவிடலாம்தான். வாசலில் என்னை யாராவது அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது?