போண்டாவுக்கு எந்தக் காலில் வலி?

பேசியே ஆளை மடக்குகிற தொழில் என்னுடையது. ஜுருவில் கார் விற்கிறேன். கடைக்குள் நுழைகிறவர் கார் வாங்க வந்தாரா, ஏர்கோனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக வந்தாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் என்னை ஏமாற்றியது எங்கள் வீட்டு நாய். பெயர் போண்டா. (கலப்பின நாய். உடம்பு வாகைப் பார்த்தால் பெயர்க் காரணம் விளங்கும்.)

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கை யாராவது கொடுத்தால்கூட அம்மா அதை வாசல் தாண்டி உள்ளே விடமாட்டார். போண்டாவுக்கும் தயிர்ச் சோறு, பருப்பு, பூசணிக்காய்தான். கூடவே பாக்கெட் தீனி. (அதில் என்ன இருக்கிறது என்று அம்மா படித்ததில்லை. "அது பிஸ்கட் மாதிரிதான்" என்பது அவர் கட்சி.)

போன டுரியான் பருவத்தில் பாலிக் புலாவில் அப்பாவின் நண்பர் தோட்டத்துக்குப் போயிருந்தோம். நாங்களெல்லாம் கொட்டகைக்குள் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தபோது, போண்டா எங்கள் கண்ணில் படாமல் ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துவிட்டான். மேலிருந்து முள்ளும் கனமுமாய் ஒரு டுரியான் பழம் விழுந்தது. இடது பின்னங்கால் முறிந்துபோனது.

ஜெலுத்தோங்கில் கால்நடை டாக்டர் சுமதி ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது வீக்கத்துக்கு ஒரு மருந்தும், வலிக்கு டிராமடால் என்ற மாத்திரையும் கொடுத்தார்.

"ரேணு, நல்லா கேட்டுக்குங்க. இது அபின் வகை மருந்து. போண்டாவோட எடைக்குக் கணக்குப் பண்ணிக் குடுத்திருக்கேன். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். வீட்ல ஒரே ஆள்தான் குடுக்கணும். ஆளாளுக்குப் பாவம் பார்த்துக் குடுத்துடாதீங்க. பூட்டி வைங்க. எழுப்பினாலும் எழுந்திருக்காம தூங்கினா, தள்ளாடினா, மூச்சு மெதுவாச்சுன்னா உடனே கூப்பிடுங்க."

"தெரியும் டாக்டர், தெரியும்" என்று, அந்த மருந்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பதுபோல் தலையாட்டினேன்.

அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆனால் அந்த மாத்திரை கசக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. தயிர்ச் சோற்றுக்குள் வைத்தேன். சோறு போனது, மாத்திரை தட்டில் கிடந்தது. வாழைப்பழத்துக்குள் வைத்தேன். பழம் போனது, மாத்திரை என் செருப்புக்குள் கிடந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"கோழி ஈரல் கொஞ்சம் அவிச்சு அதுக்குள்ள வெச்சுக் குடுங்களேன். ஒரு சின்னத் துண்டு போதும்" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தப்பு. அம்மா சாமி அறைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "மருந்துன்னா மருந்துதான் லா" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா இறங்கி வந்தார், ஆனால் நிபந்தனைகளோடு. ஈரல் வீட்டுப் பின்பக்கம்தான் வேக வேண்டும், தனி அடுப்பு, தனிச் சட்டி. மாத்திரை இருக்கிற வரைக்கும்தான் ஈரல். மாத்திரை நின்றால் அதுவும் நிற்கும். இதை அவர் போண்டாவின் முகத்துக்கு நேரேதான் சொன்னார். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்று இப்போது தோன்றுகிறது.

ஈரல் வாங்கும் பொறுப்பு அப்பாவுக்கு. அறுபத்தெட்டு வயதுவரை சந்தையில் மீன் வரிசைப் பக்கமே போகாத மனிதர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போனார். கோழிக்காரருக்கு இந்தப் புது வாடிக்கையாளரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஒரு நாள் தூரத்தில் பார்த்ததுமே, "அங்கிள்! ஈரல் எடுத்து வெச்சிருக்கேன்!" என்று மலாயில் கூவியிருக்கிறார். பக்கத்தில் கீரைக் கட்டோடு நின்றவர், அப்பாவோடு கோவில் கமிட்டியில் இருப்பவர்.

"நாய்க்குண்ணே" என்றாராம் அப்பா.

"ஆமா ஆமா, நாய்க்குத்தான்" என்றாராம் அவர், அப்பாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே.

அப்பாவின் மானம் போனாலும் போண்டா தேறினான். ஈரலைக் கண்டால் மெல்லாமலே விழுங்கினான். டாக்டர் சொன்னபடி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். கட்டுப் பிரித்தாயிற்று, அவனும் நேராக நடந்தான். எனக்கு ஒரே பெருமை. ஆபீஸில் வீடியோ காட்டாத ஆள் பாக்கியில்லை.

மாத்திரை நின்றது. ஈரலும் நின்றது. மறுநாள் காலையில் போண்டா நொண்டினான்.

அதுவும் சாதாரண நொண்டலா? தயிர்ச் சோற்றுத் தட்டுவரைக்கும் நொண்டி வந்து, அதை முகர்ந்து பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பவும் நொண்டிக்கொண்டே மூலைக்குப் போய்விடுவான். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். கம்பி நகர்ந்துவிட்டதோ, கால் போய்விடுமோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை. டாக்டரிடம் இன்னும் கொஞ்சம் மாத்திரை கேட்டேன்.

"பார்க்காம குடுக்க முடியாது ரேணு. கூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வலியில் துடிக்கிற பிள்ளைக்கு மருந்து தர இவ்வளவு பிகுவா? அப்போதுதான் அப்பாவின் மூட்டு வலி மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. டிராமடால்! அதே பெயர்! (கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயரும் இருந்தது. பொடி எழுத்தைக் கார் வாங்குகிறவர்கள்தான் படிக்க வேண்டும், விற்கிறவர்கள் படிக்க வேண்டியதில்லை என்பது என் பழக்கம்.) பாதி மாத்திரையை உடைத்து, ஃப்ரீசரில் ஒளிந்திருந்த கடைசி ஈரல் துண்டை எடுத்து வேகவைத்து, உள்ளே திணித்தேன்.

அப்பா பார்த்துவிட்டார். "டாக்டரக் கேக்காம குடுக்காத லா. அது என் மாத்திரை."

"மருந்து ஒண்ணுதான்ப்பா, கால்தான் வேற."

"அப்பன்னா டாக்டர்கிட்ட இதையே சொல்லு, போ."

சொல்கிறேன் பார் என்று ஈரலை டப்பாவில் போட்டு, மாத்திரை அட்டையைக் கைப்பையில் வைத்து, போண்டாவைக் காரில் ஏற்றினேன். கிளினிக் முடித்து நேரே வேலைக்குப் போக வேண்டும் என்பதால் புத்தம்புது வெள்ளைச் சிலுவார் (கால்சட்டைதான்) போட்டிருந்தேன்.

கிளினிக்கில் கூடையில் பூனையோடு ஒரு சீன ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். போண்டாவைப் பார்த்ததும், "பாவம் லா!" என்று உருகினார். அதைக் கேட்டதும் அவன் இன்னும் இரண்டு மடங்கு நொண்டினான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது, கம்பியும் நகரவில்லை என்றார் டாக்டர். நான் விடுவேனா? வலியின் கொடுமை, வாயில்லாப் பிராணியின் தவிப்பு, இந்தக் காலத்து வைத்தியர்களின் கல் மனசு என்று ஒரு பிரசங்கமே செய்தேன். கதவு திறந்திருந்தது. வெளியே ஆன்ட்டி உச்சுக்கொட்டியது எனக்கு உற்சாகமாக இருந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். போண்டாவை நடக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ரேணு, ஆபரேஷன் பண்ணது எந்தக் காலு?"

"இடது."

"இப்ப நொண்டுறது?"

பார்த்தேன். குனிந்து பார்த்தேன். என் இடது வலதையே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். வலது.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். நான் விற்பனைக்காரி. "வலி எடம் மாறியிருக்கலாம் டாக்டர்" என்றேன்.

டாக்டர் சுவரைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க குடுக்கலைன்னா என்கிட்டயே இருக்கு" என்று மாத்திரை அட்டையை மேசையில் வீசி, டப்பாவையும் அங்கிருந்த நாற்காலியில் வைத்து மூடியைத் திறந்து காட்டினேன்.

அட்டையைப் படித்ததும் டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "இது மனுசனுக்கு உள்ளது. இதுல பாரசிட்டமாலும் கலந்திருக்கு! நாய்க்கு இது ஒத்துக்காம போனா ஈரலே கெட்டுப்போயிடும், உயிருக்கே ஆபத்து. குடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் ஈரல் வாசனை போண்டாவை எட்டிவிட்டது.

நொண்டி நாய் நான்கு காலிலும் பாய்ந்தது. அறையின் அந்தக் கோடியிலிருந்து குதிரை மாதிரி வந்தான். கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. டப்பாவை எடுக்க நேரமில்லை, மூட நேரமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைச் சிலுவாரோடு, ஈரல் மேல்.

போண்டா என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினான். இடது பின்னங்காலையும் வலது பின்னங்காலையும் ஊன்றி, மனிதனைப்போல் நிமிர்ந்து நின்று என் மடியில் முன்னங்கால்களை வைத்தான். "எழுந்திரிக்காதீங்க! அப்படியே இருங்க!" என்று கத்திக்கொண்டே டாக்டர் கயிற்றைப் பிடித்தார். வாசலில் ஆன்ட்டி கைதட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தக் கால், நான் போய்விடுமோ என்று பயந்த அந்தக் கால், என் கண் முன்னாலேயே குதித்துக்கொண்டிருந்தது! மானம் போனால் போகட்டும் என்று இருந்தது.

டாக்டர் அந்த ஈரலைக் கையுறை போட்டு எடுத்து ஒழித்தார். அப்பாவின் மாத்திரை அட்டையையும் பூட்டி வைக்கச் சொன்னார். "அவனுக்கு வலி இல்ல ரேணு. அவனுக்கு வேணுங்கிறது வேற" என்றார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. எந்தச் சிலுவாரோடு போவது?

வீட்டில் சொன்னபோது அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. போண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இவ்ளோ ஆசையாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பின்பக்கத்து அடுப்பைத் துடைக்கப் போனார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சைவ வீட்டின் பின்பக்கம் ஈரல் வேகிறது. மாத்திரை இல்லாமல்.

அப்பாவுக்குப் பிடிக்காத சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வந்தால் அவருக்கு மூட்டு வலி வந்துவிடும். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "எந்தக் காலு?" அப்பா ஒரு கணம் தடுமாறுவார், அவ்வளவுதான், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்குத் திங்கட்கிழமைக் காலையில் தலைவலி என்றாலும் அதே கேள்விதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கள் வீட்டில் தயங்காமல் பதில் சொல்கிறவன் ஒருவன்தான். தூக்கத்திலிருந்தாலும் போண்டா எழுந்து வந்து ஒரு காலைத் தூக்கிக் காட்டுவான். இதுவரை ஒரு தடவைகூட இடது பின்னங்காலைத் தூக்கியதில்லை.