லினக்ஸ் சாரின் கேமரா

ஆரணியில் லினக்ஸ் சாருக்குப் பணியாத கருவியும் இல்லை, அவரைக் கண்டு ஷட்டரை இறக்கத் துடிக்காத கம்ப்யூட்டர் கடைக்காரரும் இல்லை. எங்கள் பட்டு ஜவுளி ஆபீசில் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் வரைகிறவர். நான் பக்கத்து மேஜை குமாஸ்தா. கம்ப்யூட்டரை இயக்க, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளைத் தவிர வேறெதையும் ஏற்ற மாட்டார். சொந்தப் பெயர் சம்பளத்தன்றுதான் எங்களுக்கே ஞாபகம் வரும்.

கடைக்குப் போனதும் பென்டிரைவை எடுத்துவிடுவார்.

"என் லினக்ஸ்ல ஓடுனாத்தான் வாங்குவேன்."

"பேஜார் பண்ணாத சார், சாப்பாட்டுக்குப் போவணும்."

"நீ போய்ட்டு வாப்பா, நான் பாத்துகினு இருக்கேன்."

வந்தவாசிக்கு அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, வைஃபை வந்த பிறகுதான் பஜ்ஜியைத் தொட்டார். பஜ்ஜி ஆறியிருந்தது, பெண் வீட்டாரும்தான்.

மனைவி தவறிய பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகள் ஸ்டெல்லா, குவைத்தில் நர்ஸ். சார் ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ளாத பிறவி. ஞாயிறு சர்ச் முடிந்து லேப்டாப்பில்தான் பேசுவார். அதற்கென்று வாங்கிய கேமரா மட்டும் மக்கர் செய்தது. மகள் முகம் இவருக்குத் தெரியும், இவர் முகம் அவளுக்குத் தெரியாது. டிரைவர் என்கிற மென்பொருள் இல்லாமல் கருவி கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்காதாம்.

"டிரைவர் கெடைக்கலம்மா, தேடிகினு இருக்கேன்" என்பார், வாராவாரம்.

கேமரா வாங்கிய சமயத்தில்தான் அவருக்கு வயிற்றில் புற்று என்றார்கள். ஆள் பாதியாகிவிட்டார்.

ஒரு ஞாயிறு கஞ்சி கொண்டுபோனேன். சார் முகச்சவரம் செய்து, இஸ்திரிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னா சார், கேமரா வேலை செய்யுதே?"

"வாங்குன அன்னிக்கே செஞ்சிச்சிப்பா." சட்டென்று கேமராவை அணைத்தார். "இந்த மூஞ்சியப் பாத்தா ஜல்தியா ஓடியாந்துடுவா. காண்ட்ராக்ட் நடுவுல வந்தா வேலை போய்டும். இன்னிக்காவது காட்டலாமான்னு வாராவாரம் போட்டுப் பாக்கறேன். முடியல."

அவர் வாயிலிருந்து 'முடியல' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

அழைப்பு வந்தது. என் குரல் கேட்டதும் ஸ்டெல்லா, "அண்ணே, அப்பாவப் பாத்து ஆறு மாசமாவுது. நீங்களாவது யாரையாவது வச்சி அந்தக் கேமராவச் சரி பண்ணக் கூடாதா?" என்றாள்.

ஸ்விட்சைத் தவிர கம்ப்யூட்டரில் எதுவும் அறியாத நான், "அந்தக் கம்பெனிக்காரன் லினக்ஸுக்கு டிரைவரே எழுதலயாம்மா. நாங்களும் கேட்டுகினுதான் இருக்கோம்" என்றேன்.

சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷனுக்காக ஆயுசுக்கும் பொய் சொல்லியிருப்பேன். மூன்று ஞாயிறுகள்தான் கிடைத்தன.